சொட்டுக்காரரும் முழுக்குத்தொட்டியும்

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது மனிதர்களை அல்ல. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிக் காது கொடுப்பார். உள்ளே எங்காவது ஒரு குழாய் சொட்டினால் போதும், முகம் மாறிவிடும். "உட்காருங்க, டீ போடறேன்" என்று வீட்டுக்காரம்மா உபசரித்து முடிப்பதற்குள் அவர் சமையலறையில் நிற்பார். துக்க வீட்டிலும் இதே கதைதான். முன்னறையில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் பின்பக்கம் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார். "போனவர் போயிட்டார். இருக்கிறவங்க தண்ணிய வீணடிக்கலாமா?" என்பது இறந்தவரின் குடும்பத்துக்கு அவர் வழங்கும் ஆறுதல்.

குழாய் வேலைதான் தொழில். தெருவே அவரைச் 'சொட்டுக்காரர்' என்று அழைக்கிறது. அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குனிந்து குனிந்து, நிமிர்ந்து நிற்கும்போதும் எதையோ தேடுபவர் போலத்தான் நிற்பார். சட்டைப்பை நிறைய வாஷர்கள். ஒருமுறை ஞாயிறு ஆராதனையில் காணிக்கைத் தட்டில் கைதவறி ஒரு வாஷர் விழுந்துவிட்டது. பொருளாளர் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, "ஆண்டவருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வாங்கறது பாவம்" என்று மறுத்துவிட்டார். பிறகு அதே வாஷரை வாங்கிப்போய் கோயில் குழாயிலேயே மாட்டினார். அந்தக் கோயிலில் போட்ட இடத்திலேயே பலன் தந்த காணிக்கை அது ஒன்றுதான் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

அவருடைய கோயில் கல் கோயில். அங்கே பாட்டு மெதுவாக நடக்கும்; ஜெபம் அதைவிட மெதுவாக நடக்கும். கை தட்டும் பழக்கம் கிடையாது. பிரசங்கத்தில் போதகர் 'இரண்டாவதாக' என்று சொல்லும்போது பின்கட்டில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டால் சொட்டுக்காரர் எழுந்து போவார். போதகர் நிறுத்திக்கொள்வார். அவர் வந்து உட்கார்ந்த பிறகே 'மூன்றாவது' தொடங்கும்.

கல் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கிறது. போதகர் கையில் கொஞ்சம் தண்ணீர் அள்ளித் தலையில் தெளிப்பார், அவ்வளவுதான். இந்த உபதேசத்தைச் சொட்டுக்காரர் விசுவாசத்தோடு மட்டுமல்ல, தொழில் அறிவோடும் ஏற்றுக்கொண்டவர். "ஒரு மனுஷனை ஆண்டவர்கிட்ட சேர்க்கிறதுக்கு ஒரு கை தண்ணி போதும். அதுக்கு மேல ஊத்தினா அது ஞானஸ்நானம் இல்ல, கசிவு" என்பார்.

சிக்கல் என்னவென்றால், கல் கோயிலின் சுற்றுச்சுவரை ஒட்டியே, தகரக் கூரை போட்ட தகரச் சபை இருக்கிறது. அங்கே டிரம் உண்டு, கிட்டார் உண்டு, கைதட்டல் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக மேடைப் பலகைக்கு அடியில் ஆள் முழுகும் ஆழத்தில் ஒரு தொட்டி உண்டு. வயது வந்து, தானே விரும்பி, தொட்டியில் இறங்கி முழுகி எழுந்தால்தான் அங்கே ஞானஸ்நானம். கல் கோயில்காரர்களைத் தகரச் சபையார் 'ஃபிரிட்ஜ்' என்று அழைத்தார்கள். தகரச் சபையைக் கல் கோயில்காரர்கள் 'இடிமுழக்கம்' என்றார்கள். இவர்கள் அமைதியாகத் தலை குனியும் நேரத்தில் சுவரைத் தாண்டி டிரம் வந்து விழும். ஒரே ஆண்டவரின் பிள்ளைகள் இப்படி இருக்கலாமா என்று இரு பக்கத்துப் பெரியவர்களும் கூடி ஓர் ஐக்கியக் குழு அமைத்தார்கள். சொட்டுக்காரரும் அதில் உறுப்பினர். யார் முதலில் ஜெபிப்பது என்ற கேள்வியில் அந்தக் குழு இரண்டாகப் பிரிந்தது. இன்றும் இரண்டு ஐக்கியக் குழுக்கள் இருக்கின்றன; ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை.

ஆனால் சொட்டுக்காரரின் வருத்தம் டிரம்மைப் பற்றியது அல்ல.

அவருக்குக் கூடப்பிறந்தவள் ஒரே ஒரு தங்கை. தையல் வேலை செய்கிறாள். கணவன் படுத்த படுக்கையாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தகரச் சபைப் பெண்கள் முறைவைத்து வந்து அவள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். கல் கோயில் கமிட்டி அனுதாபத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி, அதைத் தட்டச்சு செய்து அனுப்பியது. அது வந்து சேர்ந்தபோது கணவன் அடக்கமாகியிருந்தான். கொஞ்ச நாளில் தங்கை சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். தொட்டியில் இறங்கி முழுகினாள்.

சொட்டுக்காரர் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. "அப்பா கைல தூக்கிட்டுப் போய் கொடுத்த ஞானஸ்நானம் இவளுக்குச் செல்லாதா? அப்ப அப்பா என்ன பண்ணார்? குழந்தையைக் குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போனாரா?" என்று மனைவியிடம் கேட்பார். மனைவி அந்தக் கேள்வியைப் பாத்திரம் கழுவும் சத்தத்தில் கரைத்துவிடுவாள். தங்கைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், "அவகிட்ட சொல்லு" என்று தொடங்குவார். "நான் என்ன தபால்பெட்டியா?" என்று மனைவி கேட்பாள். ஆனாலும் சொல்லுவாள், அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் இதமாகவே சொல்லுவாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தங்கை மகள் காலேஜ் முடித்து வந்து, தானும் முழுக்கு எடுக்கப்போவதாகச் சொன்னாள். இதுதான் அவரை நிலைகுலைய வைத்தது. அந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது கல் கோயிலில் அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவர்தான். போதகர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளுக்குப் பதிலாக, அவள் சார்பாக, "ஆம், விசுவாசிக்கிறேன்" என்று உரக்கச் சொன்னவர். அவள் அவர் சட்டையை நனைத்ததையும் பெருமையாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்.

முழுக்கு நடக்க இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை. சொட்டுக்காரர் கோயிலுக்குக் கிளம்பச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கதவு தட்டப்பட்டது. திறந்தால், தங்கை.

"அண்ணே, தொட்டி ஒழுகிடுச்சு" என்றாள்.

மன்னிப்பு இல்லை, விசாரிப்பு இல்லை, நேராகத் தொட்டி. சொட்டுக்காரர் பழக்கதோஷத்தில் மனைவி பக்கம் திரும்பி, "அவகிட்ட சொல்லு, எங்க கோயில்ல ஒரு கிண்ணம் இருக்கு. இதுவரைக்கும் ஒழுகினதில்லன்னு" என்றார்.

"இந்தா நிக்கிறா. நீங்களே சொல்லுங்க. தபால்பெட்டிக்கு இன்னிக்கு லீவு" என்றாள் மனைவி.

"நேத்தே ரொப்பி வச்சாங்க. காலைல பார்த்தா பாதித் தண்ணி போயிருக்கு" என்றாள் தங்கை.

"வேற ஆள் கிடைக்கலையா?"

"ரெண்டு பேர் வந்து பார்த்துட்டாங்க. பாஸ்டரும் தொட்டி மேல கை வச்சு ஜெபம் பண்ணாரு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. உள்ள தண்ணி தீர்ந்துடுச்சு, அதனால."

சொட்டுக்காரரின் உதடு ஓரம் லேசாக ஆடியது. உடனே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார். தங்கை வாசற்படியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "தண்ணி இருந்தாலும் எம்பொண்ணு இறங்க மாட்டாளாம். மாமா கோவத்தோட அங்க உட்கார்ந்திருக்க, நான் இங்க முழுகி என்ன பிரயோஜனம்னு கேக்கறா. உடுப்பு தச்சு வச்சிருக்கேன். போட்டுக்காமயே உட்கார்ந்திருக்கா."

அவர் போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி வேலைச் சட்டையை மாட்டினார். "நான் ஒழுகறதைப் பார்க்கத்தான் போறேன். தொழில் வேற, விசுவாசம் வேற" என்று மனைவியிடம் சொன்னார். அவள் பையைக் கையில் கொடுத்து, "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

தகரச் சபை பாஸ்டர் வாசலுக்கே ஓடிவந்து, "வாங்க பிரதர்" என்று கையைப் பிடித்தார்.

"பிரதர்னெல்லாம் கூப்பிடாதீங்க. எனக்குக் கூடப்பிறந்தது ஒரு தங்கச்சி மட்டும்தான்" என்றார் சொட்டுக்காரர். பின்னால் வந்துகொண்டிருந்த தங்கை நடையை ஒரு கணம் நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் அந்த உறவை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

தொட்டிக்குள் இறங்கினார். தட்டினார், தடவினார், முகர்ந்தும் பார்த்தார். அடியில் தண்ணீர் வெளியேறும் துளையின் விளிம்பு விரிசல் விட்டிருந்தது. அடைப்பான் சரியாக உட்காரவில்லை. ரப்பரைச் சுற்றி, துணியைத் திணித்து ஒருவழியாக்கினார். அடுத்த கவலை தண்ணீர். தெருவில் அவ்வளவு தண்ணீர் இருந்தது ஓர் இடத்தில்தான்: கல் கோயிலின் மாடித் தொட்டி.

கல் கோயில் போதகர் அங்கியோடு ஆராதனைக்குத் தயாராக நின்றார்.

"ஐயா, கொஞ்சம் தண்ணி வேணும். சுவருக்கு அந்தப் பக்கம்."

"எவ்வளவு?"

"முழுகற அளவு."

போதகர் அங்கியைச் சரிசெய்துகொண்டார். "கமிட்டியைக் கேக்கணுமே."

"கேட்டா அடுத்த வருஷம்தான் ரொம்பும். ரெண்டு ஐக்கியக் குழுவையும் வேற கேக்கணும்."

போதகர் சற்று யோசித்தார். பிறகு கைகளைக் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "நான் ஜெபத்துல இருக்கேன். என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. வால்வைத் திறக்க மேல ஏறும்போது ஏணியைப் பார்த்துப் பிடிங்க" என்றார்.

சுவரைத் தாண்டி ரப்பர்க் குழாய் போயிற்று. தெளிக்கிறவர்களின் தண்ணீர் முழுக்குகிறவர்களின் தொட்டியில் கலகலவென்று விழுந்தது. மாடித் தொட்டி காலியாகும் வரை ஓடியது. முழுகும் அளவு நிரம்பியதும் சொட்டுக்காரர் காதைச் சாய்த்தார். அடியில் கசிவு. அடைப்பான் மேல் செங்கல்லை ஏற்றிப் பார்க்கலாம் என்றார் பாஸ்டர். "முழுகறவங்க கால் இடிச்சு விழுவாங்க. பல் போனா அதுக்கு எந்தச் சபை பொறுப்பு?" என்று கேட்ட சொட்டுக்காரர், பேன்ட் பையிலிருந்த வாஷர்களை மேடையில் கொட்டிவிட்டு, உடுத்திய உடையோடு தொட்டிக்குள் இறங்கினார். அடைப்பான் மேல் குதிகாலை ஊன்றினார். காதைச் சாய்த்தார். சத்தம் நின்றது.

காலை எடுத்தால் சத்தம். ஊன்றினால் அமைதி. வேறு வழி இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. அவருக்குக் கடைசியாக விளங்கியது.

இப்படியாக, ஒரு கை தண்ணீருக்கு மேல் கசிவு என்று போதித்த மனிதர், இடுப்பளவுத் தண்ணீரில், டிரம்முக்கு இரண்டடி தள்ளி, ஒற்றைக் குதிகாலால் ஒரு முழுக்கு ஆராதனையையே தாங்கிக்கொண்டு நின்றார். முகத்தில் மட்டும், தான் இங்கே இல்லை என்ற பாவனை. பாஸ்டர் இறங்கி அவர் பக்கத்தில் நின்றார். வெள்ளை உடுப்பு அணிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து முழுகி எழுந்தார்கள். சபை கைதட்டிப் பாடியது. சுவருக்கு அந்தப் பக்கம் போதகர் அன்று பிரசங்கத்தை 'இரண்டாவதாக'வோடு முடித்துக்கொண்டார். ஆவிக்குரிய எழுப்புதலின் முதல் அடையாளம் அதுதான் என்று கல் கோயிலில் சிலர் இப்போதும் நம்புகிறார்கள். சீக்கிரம் விடுபட்டவர்கள் தங்கள் தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்து, தகரச் சபையின் ஜன்னல்களில் முகம் முகமாக நின்றார்கள். பொருளாளரின் விரல்கள் மட்டும் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டன. அவர் அதைக் கவனித்ததும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பைக்குள்ளும் அது நிற்கவில்லை.

தங்கை மகள் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள். படியில் கால் வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"மாமா, கோவமா?"

"படி வழுக்கும். பார்த்து இறங்கு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

சொட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அன்னிக்கு உன்னைத் தூக்கிட்டு நின்னேனே. அது செல்லாதா?" என்றார்.

"யார் சொன்னது செல்லாதுன்னு? அன்னிக்கு எனக்குப் பேச வராது, எனக்காக நீங்க சொன்னீங்க. இப்ப பேச வருது. நீங்க சொன்னதையே நான் ஒரு தடவை சொல்லிக்கறேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

"நகரவா முடியும்?" என்றார் அவர்.

அவள் இறங்கினாள். பாஸ்டர் கேள்வி கேட்டார். "ஆம், விசுவாசிக்கிறேன்" என்றாள். அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொரு தடித்த குரலும் அதையே சொன்னது போலிருந்தது என்று முன்வரிசையில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். சொட்டுக்காரர் தொண்டையைச் செருமியதாகச் சொல்கிறார்.

அவளுக்குப் பிறகும் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். மாடித் தொட்டித் தண்ணீர் குளிர்ந்தது. சொட்டுக்காரரின் உதடு வெளுத்துப் பற்கள் மெல்ல அடித்துக்கொண்டன. காதைச் சாய்த்துக் கேட்கவும் அவரால் முடியவில்லை. மேடை ஓரத்தில் துண்டோடு நின்ற தங்கை இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துண்டை மகள் கையில் திணித்துவிட்டு, புடவையோடு படியில் இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏறிப் போண்ணே. நடுங்கற. நான் மிதிச்சுக்கறேன்."

அவர் ஏறவில்லை. தண்ணீருக்கடியில் குதிகாலைக் கொஞ்சமாக ஒரு பக்கம் நகர்த்தி, அடைப்பான் மேல் அவளுடைய கால் வைக்கும் அளவுக்கு இடம் விட்டார்.