அத்தை பாடிய கேசட்

ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு வேலை இருந்தது. ஆராதனை முடிந்ததும் மாமாவின் வண்டியில் தொற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய்ப் பழைய கேசட் தேடுவது. படிப்புக்காக என்னை வெள்ளக்கடையில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். மாமா காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அதிகம் பேசாதவர்.

சிடி வந்துவிட்ட சமயம். மலையில் இருந்த வீடுகளெல்லாம் கேசட்டுகளை மூட்டை கட்டிப் பழைய சாமான் கடைக்கும், ஏழைகளுக்காகச் சர்ச் ஹாலில் நடக்கும் விற்பனைக்கும் தள்ளிக்கொண்டிருந்தன. மாமா சினிமாப் பாட்டைத் தொடக்கூட மாட்டார். அவர் தேடியது ஒன்றே ஒன்று: எங்கள் சபைப் பாடகர் குழு பல வருடங்களுக்கு முன் போட்ட கிறிஸ்துமஸ் கேசட். அட்டைப் படத்தில் சர்ச் படிக்கட்டில் மூன்றாவதாக நிற்பது அத்தை. இரண்டாம் பக்கத்தில் அவள் தனியாகப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதற்கப்புறம் தொண்டையில் ஆபரேஷன் ஆகிப் பேச்சு மட்டும் மிஞ்சியது.

அந்த வருடம் குழுவினர் வீடு வீடாகக் கேரல் பாடப் போனபோது, போன வீட்டிலெல்லாம் ஒரு கேசட் கொடுத்தார்களாம். உள் அட்டையில் 'இன்னார் குடும்பத்துக்கு அன்புடன்' என்று எழுதியது அத்தைதான். தன் பாட்டு இந்த மலையில் அத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். பாட முடியாமல் போனவளுக்கு அதுதான் ஆறுதல்.

என் கை சிறியது, மூட்டையின் அடிவரை போகும். ஒன்று கிடைத்தால் எனக்கு ஒரு கிரீம் பன். மாமா அதை எஸ்டேட் ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்றார். பிறந்தநாள் பரிசாக இருக்கும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் ஹால் விற்பனைக்குத் துணி மடித்துவைக்க ஆள் போதாமல் அத்தையைக் கூப்பிட்டார்கள். பனி தொண்டைக்கு ஆகாது என்று மாமா சொல்லிப் பார்த்தார். அத்தை கேட்கவில்லை. நான் வழக்கம்போல் கேசட் பெட்டிக்குள் கையை விட்டேன். கிடைத்துவிட்டது. மாமா பக்கத்தில் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ரகசியமாவது ஒன்றாவது, அத்தையிடம் ஓடிப்போய் உள் அட்டையைப் பிரித்து உரக்கப் படித்தேன்: 'கிளியூர் டீச்சர் குடும்பத்துக்கு அன்புடன்.' மாமாவிடம் ஏற்கெனவே பதினொன்று இருக்கிறது என்ற தகவலையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தேன்.

அத்தை தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மேசை தள்ளி நின்ற கிளியூர் டீச்சர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். கேசட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி துணி மடித்தாள்.

வீட்டுக்கு வந்து, மாமாவுக்கு டீ கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"நம்மூட்ல டேப் ரிப்பேராகி மூணு வருசமாச்சுங்க. அத்தனையும் எதுலீங்க போட்டுக் கேக்கறீங்க?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"தூக்கிப் போடறவங்க போடட்டும். உன்ற கண்ணுல பட்டுறக் கூடாதுன்னுதான்."

அத்தை அழுதாள். எனக்குப் பயமாகிவிட்டது. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. கிரீம் பன்னுக்கு இத்தோடு முழுக்கு என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் அடுத்த ஞாயிறும் மாமா வண்டியை எடுத்தார். நாங்கள் திரும்பி வந்தபோது அத்தை வாசலில் நின்றாள்.

"இன்னிக்கு யாரூட்டுதுங்க?"

"ஒண்ணும் சிக்கல. எல்லாரும் பத்திரமாத்தான் வெச்சிருக்காங்க போல" என்றார் மாமா.

செம்மநத்தத்து வீடு ஒன்றின் பெயர் எழுதிய கேசட் அவர் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தவளே நான்தான். அத்தை நேராக அந்தப் பையைத்தான் பார்த்தாள்.

"நொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு டீ வைக்க உள்ளே போனாள்.

அத்தைக்குக் கண்ணும் கெட்டுவிட்டது போல என்று அன்று முழுவதும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.