இல்லாத பாயைத் தாண்டியபோது

வேகப்பந்து போடுகிறவளுக்கு என்ன பயம், மட்டையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்பவள்தானே பயப்பட வேண்டும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் பயந்தது என் இடது காலுக்கு.

நான் பந்து போடக் கற்றது திருவெறும்பூர் பக்கம் ஒரு மைதானத்தில், காட்டூர்ப் பையன்களோடு. அங்கே பிட்ச் என்றால் இறுகிய மண்தரை, அதன்மேல் இழுத்து ஆணி அடித்த தேங்காய்நார்ப் பாய். பாய் கொஞ்சம் குட்டை. ஓடிவந்து பந்தை விடும்போது முன்கால் எங்கே விழுமோ, சரியாக அங்கேதான் அதன் விளிம்பு. நார் பிரிந்து தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகத் தாவி, விளிம்பைத் தாண்டித்தான் மிதிப்போம். கால் கோட்டைத் தாண்டிப் போனாலும் யாரும் நோ-பால் சொல்ல மாட்டார்கள். எங்கள் மைதானத்து நியாயம் அது. கோடு போனால் போகட்டும், கால் முழுசாக இருக்கட்டும்.

எனக்குக் காலே போனது. பதினேழு வயதில் மாவட்ட அணிக்கு எடுத்தார்கள். முதல் மேட்சிலேயே மூன்று விக்கெட். தலைகால் புரியாமல் ஆடினேன். அடுத்த வாரமே, சும்மா பிராக்டிஸில், பாயின் விளிம்பில் இடது கால் ஷூ மாட்டிக்கொண்டது. டக்கென்று ஒரு சத்தம். பந்து எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து அம்மா அழவில்லை, திட்டினாள்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இந்த ஓட்டமும் குதியும்? நாளைக்கு நொண்டிக்கிட்டு நின்னா யாரு பாப்பா?"

திட்டிக்கொண்டே காலுக்கடியில் தலையணையும் வைத்தாள்.

கட்டுப் பிரித்ததும் டாக்டர் ஓடலாம் என்றுவிட்டார். கால் சரியாகிவிட்டது, நான்தான் சரியாகவில்லை. ஓடிவருவேன். தாவப்போகும் நேரத்தில் அந்த டக் காதில் கேட்கும். கண் தானாகக் கீழே போகும். முன்னைவிட இன்னும் நீளமாகத் தாவித் தொலைப்பேன். பந்து ஒருநாள் கீப்பர் தலைக்கு மேலே போகும், ஒருநாள் என் காலடியிலேயே விழும். மாவட்ட அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். கிளப் அணியிலும் தண்ணீர் பாட்டில் தூக்குகிற வேலைதான்.

கிளப் கேப்டன் ஸ்ரீரங்கத்து அக்கா. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், ஆனால் சொன்னால் சொன்னதுதான். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இதோ பாரு, ஞாயித்துக்கிழமை மேட்ச்ல நீ வேகமா போடறே. அன்னிக்கும் இதே கூத்துன்னா, திங்கக்கிழமைலேர்ந்து ஸ்பின். அழப்படாது."

ஸ்பின்னாம்! நாலடி நடந்துவந்து பந்தைத் திருகிவிடுவதா? அதற்கு வீட்டில் உட்கார்ந்து சப்பாத்தி மாவு பிசையலாமே. அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான். வேகத்தை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

மேட்ச், ஸ்ரீரங்கம் தாண்டி ஒரு மைதானத்தில். அங்கே பாயே கிடையாது, உருட்டிச் சமன் செய்த மண் பிட்ச். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் கோபுரம் தெரிந்தது. ரங்கநாதா, விக்கெட்கூட வேண்டாம், கால் மடங்காமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு சின்னதாக நான் அவனிடம் எதையும் கேட்டதில்லை.

முதல் பந்து நோ-பால். மறுபடி போட்டேன், அதுவும் நோ-பால். மூன்றாவதுக்கும் அம்பயர் கையை நீட்டினார். அவ்வளவுதான், தொலைந்தேன் என்று நின்றேன். அக்கா வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"ஏன்டி, எதைத் தாண்டறே?"

"பாயத்தான்க்கா."

"எங்கேடி இருக்கு பாய்?"

குனிந்து பார்த்தேன். வெறும் மண். கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி என் ஷூ பதிந்த தடங்கள். தடுக்கிவிட அங்கே ஒரு நார்கூட இல்லை. பக்கத்தில் ஃபீல்டிங்குக்கு நின்றவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "போடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பயம் போய்விட்டதா? எங்கே! பாய் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லையே. கோட்டுக்குள் மிதிப்பதென்றால், இத்தனை நாள் எந்த இடத்துக்குப் பயந்து தாவினேனோ அங்கேயேதான் மிதிக்க வேண்டும். மறுபடி டக் கேட்டால்? அம்மாவிடம் என்ன சொல்வேன்? ஓடினேன். காது அடைத்துக்கொண்டது. காலைத் தாவவிடாமல், அது விழுகிற இடத்தில் விழவிட்டேன். மண் காலைப் பிடித்துக்கொண்டது. சத்தம் இல்லை. பந்து கையைவிட்டுப் போன வேகத்தில் எனக்கே தோள் சிலிர்த்தது.

படார் என்று மட்டையில் அடி. நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அம்பயரைத் திரும்பிப் பார்த்தேன். ஐயோ, கை எழுகிறதே! அந்தக் கை இப்படியும் அப்படியும் ஆடியது. அட, அது பவுண்டரிக்கு ஆட்டுகிற கை! நான்கு ரன் கொடுத்துவிட்டு ஈயென்று இளித்துக்கொண்டு நின்ற பவுலர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஓவர் முடிந்ததும் அக்கா தொப்பியை நீட்டினாள். "இந்தப் பக்கம் அடுத்த ஓவரும் நீதான்."

"அக்கா, திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை என்ன?" என்றாள், ஒன்றுமே தெரியாதவள்போல.

பவுண்டரி ஓரம் போய் நின்றபோது இடது கால் கிடுகிடுவென்று நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னும் ஒரு ஓவர் இருக்கிறதே.