ஆன்ட்டி சொன்ன லத்தீன்

ஃப்ரீமான்ட்டில் எங்கள் அமெரிக்கத் தமிழர் வட்டத்துக்கு ஓர் ஆன்ட்டிதான் கல்வி அமைச்சர். அவருடைய மகளும் நானும் ஒரே ஹைஸ்கூலில் சேர இருந்தோம். அந்தக் கோடையில், வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில், கையில் புளியோதரைத் தட்டோடு அவர் தீர்ப்பு சொன்னார்.

"லத்தீன் எடுத்தா மெடிசின் வார்த்தையெல்லாம் தண்ணி பட்ட பாடு. காலேஜ் அட்மிஷனுக்கான எஸ்.ஏ.டி ஸ்கோரும் எகிறும்."

அத்தனை அம்மாக்களும் தலையாட்டினார்கள். ஒருத்தியாவது ஒரு கேள்வி கேட்டாளா? மூச்!

நான் ஸ்பானிஷ் எடுப்பதாக இருந்தேன். மொழிப்பற்றெல்லாம் இல்லை. எனக்கு இருந்தது ஒரே தோழி, எதிர்வீட்டு பிலிப்பைன்ஸ் பெண். அவள் ஸ்பானிஷ் எடுத்திருந்தாள்; அந்த ஒரு வகுப்பில்தான் நாங்கள் சேர்ந்து உட்கார முடியும்.

"ஐ வில் பி அலோன், அம்மா" என்று கெஞ்சினேன்.

"உக்கார்றதுக்கா ஸ்கூலுக்கு அனுப்புறோம்? ஆன்ட்டி தெரியாமயா சொல்வாங்க?"

லத்தீன் வகுப்பில் பாதிப்பேர் எங்கள் பாட்லக் கும்பல்தான். பாடப்புத்தகத்தில் வருடம் முழுக்க ஒரு விவசாயி வயலை உழுதான், ஒரு மாலுமி கடலைப் பார்த்தான். ஒருத்தனுக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. மெடிசினாம், மண்ணாங்கட்டி! ரோமானியர் போல உடுத்தி வரச் சொன்ன நாளில் நம் பையன்கள் அவரவர் அப்பாவின் வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ரோம் நகரமா அது? ஏதோ கல்யாண வீட்டுப் பந்தி.

ஆன்ட்டியின் மகளை மட்டும் முதல் நாளிலிருந்தே காணோம். ஸ்பானிஷ் வகுப்புக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் தோழிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். குளிர்கால விடுமுறைக்குள் இருவரும் சேர்ந்தே சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். என் தோழி எனக்கு ஒரு 'ஹாய்' சொல்லிவிட்டுப் போவாள்.

பள்ளி முடிந்த வாரம், இன்னொரு பாட்லக்கில், அம்மா ஒருவழியாகக் கேட்டாள். "உங்க பொண்ணு லத்தீன் எடுக்கலையா?"

ஆன்ட்டி அசரவே இல்லை. "அவ ஸ்பானிஷ்தான் வேணும்னா. சரின்னுட்டேன். எதுக்குங்க குழந்தைய ஃபோர்ஸ் பண்ணணும்?"

அம்மா அதற்கும் தலையாட்டினாள்! திரும்பும்போது ஃப்ரீவேயில் மெதுவாகச் சொன்னாள். "அவங்க சொல்றதும் சரிதான். நெக்ஸ்ட் இயர் நீயும் ஸ்பானிஷுக்கு மாத்திக்கோ."

எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்லும் எனக்கு, அன்று தமிழ்தான் வந்தது.

"எதுக்கும்மா? என் சீட்டுலதான் ஆன்ட்டி பொண்ணு உக்காந்திருக்காளே."