முந்தானையில் வந்த பிராசஸர்

"சார், இந்த ரகசியத்தை உங்களுக்குச் சொன்னது யாரு?"

இரண்டு மாதம் முன்பு ஒரு பெண் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் என்னிடம் ரகசியம் இருக்கும் என்று ஒருவர் சந்தேகப்படுகிறாரே! என் மனைவி காஸ் சிலிண்டர் வரும் நாளைக்கூட என்னிடம் சொல்வதில்லை – பத்திரிகையில் எழுதிவிடுவேனாம்.

அந்தப் பெண்ணின் கம்பெனியே விஷயத்தைப் போன வாரம் வெளியில் அறிவித்துவிட்டது. ஆகவே இனி எழுதலாம். அவளும் சரி என்றுவிட்டாள் – பெயரை மட்டும் மாற்றச் சொல்லி. வித்யா என்று வைத்துக்கொள்வோம்.

சில மாதங்களுக்கு முன், 2008 பிறந்த கையோடு, இதே பக்கத்தில் 'வரப்போகும் செல்போன்' என்று ஒரு ஆரூடம் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? (இல்லையென்றால் ரொம்ப நல்லது.) செல்போனுக்குள் ஒரே ஒரு ராட்சத பிராசஸர் உட்கார்ந்து உலகத்து வேலையெல்லாம் செய்யும், ஒரு முறை சார்ஜ் செய்தால் மாதம் முழுக்கப் பேசலாம்... என்று அடித்துவிட்டிருந்தேன். 'கட்டுரை ரெடி' என்று ஆசிரியருக்கு போன் செய்தபோது, 'கட்டுரை' என்பதோடு என் போன் உயிரை விட்டது. அதை மட்டும் எழுதவில்லை.

இந்த ஆரூடத்தை ஒருவர் நம்பிவிட்டார். ஏகாம்பரம். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர். வீட்டில் ஒரே தறி. அதில் அவரும் மனைவி சரோஜாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். ஒரு நாள் கையில் ஒரு படத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கல்யாணப் புடவை சார். பொண்ணு பெங்களூர்ல செல்போனுக்கு பிராசஸர் பண்ற கம்பெனில இருக்குது. முந்தியில மயில் வேணாம், அன்னம் வேணாம், பிராசஸர்தான் வேணும்னுது."

படத்தைப் பார்த்தேன். ஆகாயத்திலிருந்து ஏதோ ஊரைப் படம் பிடித்த மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது.

"அதான் படம் இருக்கே. இதையே நெய்ங்க."

"இது பழசாம் சார். புதுசு எப்படிம்மா இருக்கும்னா, சொல்லக் கூடாது, கம்பெனில கையெழுத்து வாங்கிக்கினு இருக்காங்கன்னுது. ரெண்டு தலைமுறை தாண்டி உங்க கற்பனைக்குப் போடுங்கன்னுட்டுது. எனக்கு என்னா சார் தெரியும்? நீங்கதான் வாரா வாரம் எழுதிக்கினு இருக்கீங்களே!"

வாழ்க்கையில் இரண்டு இடங்களில் 'தெரியாது' என்று சொல்லும் தைரியம் எனக்கு வந்ததில்லை. ஒன்று, வழி கேட்பவரிடம். இன்னொன்று, வாசகரிடம்.

ஸ்கேலை எடுத்தேன். வரைந்தேன். இடது பக்கம் முழுக்க ஒரு பிரம்மாண்டமான கட்டம். வலது பக்கம் சில்லறைக் கட்டங்கள். காபி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யார் வீடு கட்டறா? சமையலறையை ஏன் இவ்ளோ சின்னதா வச்சிருக்கீங்க?"

"அது மெமரி" என்றேன், கம்பீரமாக.

ஏகாம்பரம் பெரிய கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இதான் பிராசஸரா சார்? எல்லா வேலையும் இது ஒண்டியாவா செய்யுது?"

"ஒண்டியாகத்தான்."

"பாவம் சார்" என்றார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்துப் புடவை தறியிலிருந்து இறங்கியது. அதைப் பார்க்க வித்யா பெங்களூரிலிருந்து வந்தாள். படைப்பாளி என்ற முறையில் நானும் சலவைச் சட்டையில் ஆஜர். சரோஜா முந்தானையை விரித்தார். மயில் கழுத்து நீலம், அதன் மேல் தங்க ஜரிகையில் கட்டங்கள். ஆனால்... என் ராட்சதன் ஒண்டியாக இல்லை. அச்சாக அவனைப் போலவே இன்னொருவன், எதிரே. நடுவில் இருவரையும் இணைத்து ஒரு மெல்லிய ஜரிகைக் கோடு.

வித்யாவின் முகம் வெளுத்தது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"செல்போனுக்குள்ள ரெண்டு கோர்! ஒரே பிராசஸர்ல ரெண்டு மூளை! நாங்க ரெண்டு வருஷமா மூடி மூடி பண்றது இதைத்தான் சார். பக்கத்து டீமுக்கே தெரியாது. ரிசப்ஷனுக்கு என் பாஸ் வர்றார். இதைக் கட்டிக்கிட்டு நின்னா, நான்தான் வெளியில சொன்னேன்னு ஆயிடும். வேலையே போயிடும்!"

"நான் ஒன்றுதானம்மா வரைந்தேன்!" என்று அலறினேன். என் ஆரூடம் தப்பு என்று இவ்வளவு ஆர்வமாக நான் வாதாடியது அதுவே முதல் தடவை.

"சார் மேல தப்பு இல்லம்மா, அது நான் பண்ணது" என்றார் ஏகாம்பரம். தறிக்கு மேலே இருந்த பெட்டியைக் காட்டினார். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கின. எந்த ஓட்டைக்கு எந்த இழை மேலே எழ வேண்டும் என்பது அந்த அட்டைகளின் கணக்கு. "சார் வரைஞ்சதை முழுசா போட்டா அட்டை ஏகத்துக்கு ஆவுது. அதான் பாதி வரைக்கும் ஓட்டி, அதே அட்டையைப் பின்னாலேர்ந்து திருப்பி ஓட்டிட்டேன். மறுபாதி கண்ணாடில பார்த்தாப்பல விழுந்துட்டுது. முந்திக்கு நாங்க எப்பவும் பண்றதுதான்."

"நான்தாம்மா அப்பிடியே இருக்கட்டும்னேன்" என்றார் சரோஜா. "ஒண்டியா எல்லாத்தையும் இழுத்தா மூச்சு வாங்கும், உடம்பு சூடாயிடும். ரெண்டு பேரு ஆளுக்குப் பாதி நிதானமா பண்ணா களைப்பே தெரியாது. நாங்க பண்ணிக்கினு இல்ல?"

வித்யா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அதேதான் ஆன்ட்டி! ஒண்ணே ஒண்ணு வேகமா ஓடினா சூடாகும், பேட்டரி காலி. ரெண்டு மெதுவா ஓடினா பேட்டரி மிச்சம். இதை ஒத்துக்க வைக்க எங்க ஆபீஸ்ல எத்தனை மீட்டிங் தெரியுமா?"

"சரிம்மா, இப்ப என்னா பண்றது? வேற நெய்ய நாள் இல்லியே" என்றார் ஏகாம்பரம். அவர் குரல் இறங்கியிருந்தது. ஒரு மாதம் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தது அல்லவா?

வித்யா முந்தானையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். கழற்ற மனம் வரவில்லை.

"இதைத்தான் கட்டிக்கப் போறேன். ஆனா நீங்க மூணு பேரும் வந்து பாஸ்கிட்ட சொல்லணும்."

ரிசப்ஷனுக்குப் போனோம். பாஸ் பூங்கொத்தோடு மேடை ஏறினார். கைகுலுக்கினார். முந்தானையைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வித்யாவின் சிரிப்பும்தான். போட்டோகிராபர் மட்டும், "சார், இந்தப் பக்கம் பாருங்க, சார்!" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் மேடை ஏறினார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அட்டை, திருப்பி ஓட்டியது, மூச்சு வாங்குவது, எல்லாவற்றையும் சொன்னார். தமிழ் தெரிந்த பாஸ். குனிந்து ஜரிகைக் கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார். பின்னால் பரிசுப் பொட்டலங்களோடு வரிசை சாப்பாட்டுக் கூடம் வரை போய்விட்டது.

கடைசியில் பாஸ் நிமிர்ந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு. "மூணு பேர் உட்கார்ந்தா இன்னும் நல்லா இருக்குமா?"

"தறியில மூணாவது ஆளுக்கு வேலை இல்ல சார். சும்மா பேசிக்கினு இருப்பான்."

சொல்லும்போது ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். உள்நோக்கம் இல்லை. சரோஜாவும் பார்த்தார். அவருக்கு இருந்தது.

பாஸ் மண்டபம் அதிரச் சிரித்தார். வித்யா மூச்சு விட்டாள். "இதை நோட் பண்ணிக்கறேன்" என்று பாஸ் தன் புத்தம்புது போனை எடுத்தார். தட்டினார். மறுபடி தட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. "காலைலதான் சார்ஜ் போட்டேன்..." என்று முனகினார்.

என் பால்பாயின்ட் பேனாவை நீட்டினேன். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

அடுத்த தலைமுறை செல்போனுக்கு என் பங்களிப்பு அந்தப் பேனாதான். அதையும் அவர் திருப்பித் தரவில்லை.