மஞ்சள் கிளையில் என் நூல்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெல்லித்தோப்பில் சொந்தமாக ஒரு வீடு கட்டினேன். கொத்தனாருக்குக் கலவை சுமந்ததும் நான்தான். மூன்று மாடி தாங்குகிற அஸ்திவாரம் வேண்டும் என்றேன். "மில்லுல தறி ஓட்டுறவனுக்கு இன்னாத்துக்குய்யா இவ்ளோ ஆழம்?" என்று அவர் சிரித்தார். பிறகு மில் மூடியது, வேலை போனது, வீடு நின்றது. சைக்கிளில் செடி கட்டித் தெருத்தெருவாக விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். பெயிண்ட் டப்பா, உடைந்த தொட்டி, ஓட்டைக் குடம் என்று கிடைத்ததில் எல்லாம் மண் நிரப்பி மொட்டை மாடியில் இருநூறு செடி வளர்த்தேன். மாடித்தோட்டக்காரர்களை ஒன்று சேர்த்துக் குழு ஆரம்பித்ததும் நான்தான். வேறு யாராவது தான்தான் ஆரம்பித்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இத்தனையிலும் என் பெரிய வேலை எது என்று கேட்டால் அடீனியம் என்பேன். அடித்தண்டு பானை மாதிரிப் பருத்து, தலையில் பூவோடு நிற்குமே, அந்தச் செடி. ஒரே தண்டில் நாலு நிறக் கிளைகளை ஒட்டுப் போட்டேன்: சிவப்பு, வெள்ளை, மஞ்சள், கறுப்போ என்று தோன்றுகிற அடர்சிவப்பு. மற்றவர்கள் ஒட்டுக்கு பிளாஸ்டிக் டேப் சுற்றுவார்கள். நான் சுற்றியது பருத்தி நூல். தறியில் அறுந்த இழையை இணைக்கப் போடும் சின்ன முடிச்சு என் விரலில் இருபது வருடம் ஊறியது. இறுகினால் வழுக்காது.

மூன்றாம் வாரம் நூலை அவிழ்த்துவிட வேண்டும். மூன்று கிளைகளில் அவிழ்த்தேன். மஞ்சளை மறந்தேன். அந்த வாரம்தான் என் மகன் இன்ஜினியரைக் கூட்டி வந்தான்.

அவர் கடைக்காலைத் தோண்டிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்குது பெரியவரே. தாராளமா மேல எழுப்பலாம்" என்றார்.

"பாத்தியாப்பா, எல்லாம் நீ போட்டதுதான்" என்றான் மகன்.

கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. மொட்டை மாடியில் இரண்டு அறைகள் எழும்பின, அதற்கு மேல் தகரக் கூரை. செடி வைக்க ஒரு முழ வெயில்கூட மிஞ்சவில்லை. மகனை நான் குறை சொல்ல மாட்டேன், பேரப்பிள்ளைகளுக்கும் படுக்க இடம் வேண்டும். வேலை தொடங்கும் முன்பே குழுவினர் வந்து ஆளுக்குப் பத்து, இருபது என்று தொட்டிகளை எடுத்துப் போனார்கள். அடீனியம் குழுவிலேயே இருக்கிற ரெட்டியார்பாளையத்து டீச்சருக்குப் போனது. ஆட்டோவில் ஏற்றும்போதுதான் கவனித்தேன், மஞ்சள் கிளையில் நூல் சதைக்குள் புதைந்து கிடந்தது. பிளேடால் கீறி எடுத்தேன். மோதிரம் கழற்றிய விரலில் தெரியுமே, அப்படி ஒரு வளையம் விழுந்துவிட்டது.

அது நடந்து இரண்டு வருடம். இன்றைக்கும் விடியற்காலையில் குவளையோடு படி ஏறிவிடுகிறேன். பாதியில்தான் நினைவு வரும். அங்கேயே நின்று, கொண்டுபோன தண்ணீரை நானே குடித்துவிட்டு இறங்குவேன்.

பிப்ரவரியில் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடந்தது. குழுவினர் வேன் பிடித்தார்கள், நானும் ஏறினேன். முந்தைய வருடங்களில் மடியில் தொட்டியோடு உட்கார்ந்து போவேன். இந்த முறை மடியில் கை சும்மா கிடந்தது. பக்கத்தில் நோணாங்குப்பத்து நண்பர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்வதுபோல அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"இன்னாய்யா, செடி இல்லாதவன்லாம் வேன்ல ஏறிட்டான்?" என்றார் சொல்தா.

"குழுவ ஆரம்பிச்சவனே நான்தான்யா. இந்த வேனே எனக்காகத்தான் ஓடுது."

"அப்போ டீசலயும் நீயே ஊத்து."

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உள்ளே நல்ல கூட்டம். பூவால் செய்த மயிலுக்கு முன்னால் நின்று ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் எல்லாம் நாட்டம் கிடையாது. வேரறுத்த பூ சாயங்காலம் வாடிவிடும். நான் நேரே தொட்டிச் செடி வரிசைக்குப் போனேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம், நீலப் பீங்கான் தொட்டியில், நாலு நிறத்திலும் பூத்து நின்றது ஓர் அடீனியம். முதல் பரிசு என்று ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

நாலு நிறம் இப்போது நர்சரிகளிலும் கிடைக்கிறது. அதனால் குனிந்து மஞ்சள் கிளையின் அடியைப் பார்த்தேன். வளையம் இருந்தது. தண்டு பருத்ததில் அதுவும் கூடவே அகன்றிருந்தது. கயிற்றைத் தாண்டிப் போய்விட்டேன். கட்டை விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தேன். சரியாகப் பொருந்தியது.

விசில் ஊதிக்கொண்டு காவலாளி ஓடி வந்தார். "பெரியவரே! கயித்துக்கு இந்தப் பக்கம் வாங்க. தொடாதீங்கன்னு போர்டு வெச்சிருக்குதே, பாக்கல?"

"என் செடிப்பா."

அவர் பெயர்ச் சீட்டைப் படித்தார். "இதுல ஒரு அம்மா பேரு இல்ல போட்டிருக்குது?"

அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்துவிட்டார். கூடவே சொல்தாவும். டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணா, ஃபர்ஸ்ட் பிரைஸ்! பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர். சீட்டையும் பாத்தேன்."

சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "ஃபாரத்துல ஒரு பேருக்குத்தாண்ணா இடம் இருந்துச்சு. ரெண்டு வருஷமா நான்தானே பாத்துக்கிறேன். மழையில ரெண்டு தடவ அழுகப் பாத்துச்சு. இந்தத் தொட்டியோட தூக்கி உள்ள வெச்சதுல என் இடுப்பே போயிடுச்சு."

அது உண்மை. அடீனியத்துக்கு மழை ஆகாது. அவர் பட்ட பாட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"டீச்சர், செடிய அவன்கிட்டயே குடுத்துடுங்க. இல்லாட்டி வேன்ல திரும்பி வர்றப்ப அழுவான்" என்றார் சொல்தா.

டீச்சர் சிரிக்கவில்லை. "எடுத்துட்டுப் போங்கண்ணா. மனசாரத்தான் சொல்றேன். கண்காட்சி முடிஞ்சதும் நானே ஆட்டோவுல அனுப்பிடுறேன்."

சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். என் வீட்டை மனசுக்குள்ளேயே மேலும் கீழும் சுற்றி வந்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் காலையில் ஒரு மணி நேரம் வெளிச்சம் விழும். அதில் அடீனியம் சாகாது. ஆனால் பூக்காது.

"வேணாம் டீச்சர். உங்க மாடியிலதான் வெயிலு இருக்குது. அங்கயே இருக்கட்டும். அந்தச் சீட்டுல மட்டும் என் பேரையும் எழுதிடுங்க."

அவர் உடனே பேனா எடுத்தார். காவலாளி விடவில்லை, வைத்த சீட்டில் கை வைக்கக் கூடாதாம். "அடுத்த வருஷம் கண்டிப்பா எழுதிடுறேண்ணா" என்றார் டீச்சர். திரும்பி வரும்போது வேனில் யாரும் கேலி பேசவில்லை. துண்டின் கரையில் பிரிந்த நூலில் என் விரல் தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தது.

அதனால் குழுவினருக்கும் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும் இங்கே எழுதியே கேட்கிறேன். பரிசு டீச்சருடையது, அவரே வைத்துக்கொள்ளட்டும். செடியும் அவருடைய வெயிலிலேயே இருக்கட்டும். பெயர்ச் சீட்டில் மட்டும் இரண்டாவதாக ஒரு வரி வேண்டும். 'ஒட்டுப் போட்டவர்' என்று எழுதி அதற்கு நேரே என் பெயர் இருக்க வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன், டீச்சர் பெயர் எந்த அளவோ அதே அளவு. சந்தேகம் இருக்கிறவர்கள் மஞ்சள் கிளைக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.