மறைவில் அடிக்கும் காற்று

குன்னத்தூர் கீதாஞ்சலிக்குக் காற்று என்றால் பைத்தியம். கூடப் படித்த இன்ஜினியர்கள் எல்லாம் அடுக்குமாடி வரைந்துகொண்டிருக்க, இவள் மட்டும் உயரமான கான்கிரீட் புகைபோக்கியைக் காற்று எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட வாசலில் வாழைமரம் ஆடுவதைத்தான் பார்ப்பாள் என்றால் பாருங்களேன்!

அவள் கையெழுத்தில் எழப்போகும் முதல் புகைபோக்கி, ஊத்துக்குளிப் பக்கம் ஆத்தப்பனின் சாயப்பட்டறைக்கு. ஆனி மாதம் பூமிபூஜை. மேற்கிலிருந்து மேல்காற்று பிய்த்துக்கொண்டு வீசியது. ஆசையாக வந்து இறங்கியவளுக்குத் திக்கென்றது. அவள் குறித்துக் கொடுத்த இடம் காலியாகக் கிடந்தது. சுண்ணாம்புக் கோடு பட்டறையில் ஏற்கெனவே நின்ற பழைய புகைபோக்கிக்கு நேர் கிழக்கே, ஒட்டினாற்போல் போட்டிருந்தது.

“வாஸ்துக்காரரு அக்னி மூலை இதுதான்னாருங்க அம்மிணி,” என்றார் ஆத்தப்பன் குஷியாக. “பழசோட மறைவுல நின்னா காத்தும் அடிக்காது. கம்பி மிச்சமுங்க!”

நல்ல மனுஷன்தான், ஆனால் இந்தக் காற்றுக்குப் போய் மறைவு தேடுகிறாரே! பூஜையை நிறுத்தினால் அபசகுனம் என்பார்கள். முதல் வேலையே கைநழுவிப் போகும். பேசாமல் இருந்தாலோ, கட்டியது நிற்குமா என்று காலமெல்லாம் கவலை.

கீதாஞ்சலி அங்கே கிடந்த கழிவுத்துணி மூட்டையிலிருந்து நீளமான பனியன் துணி ஒன்றை உருவி, மூங்கில் குச்சி நுனியில் கட்டி ஆத்தப்பன் கையில் கொடுத்தாள். வெட்டவெளியில் துணி கிழக்கே நேராகப் பறந்தது.

“இப்பக் கோட்டுக்குள்ள வாங்க.”

வந்தார். துணி இடமும் வலமுமாக மாறி மாறி அடித்து, அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“பழசைச் சுத்திக்கிட்டு வர்ற காத்து இப்படித்தானுங்க உதறும். புதுசையும் இப்படியே ஆட்டும். இங்க கட்டறதுன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேனுங்க.”

ஆத்தப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வாஸ்துக்காரரைப் பார்த்தார். அவரும் லேசுப்பட்டவரா என்ன?

“தெக்கே அம்மிணி குறிச்ச எடமும் அக்னி மூலைதானுங்க,” என்று சட்டென்று கட்சி மாறினார்.

“அப்பறம் என்னத்துக்கு நிக்கறீங்க? கோட்டை அழிங்கப்பா!” என்றார் ஆத்தப்பன்.

முதல் கல்லை வீட்டுப் பெண் வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மஞ்சள் பூசிய செங்கல்லோடு காத்திருந்த ஆத்தப்பனின் மனைவி மயிலாள், நேரே கீதாஞ்சலியிடம் வந்தாள்.

“நீயே வெய்யி கண்ணு. நீயும் எங்கூட்டுப் பொண்ணுதான்.”

கல்லை வாங்கிய கீதாஞ்சலிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.