அத்தை பார்க்க வந்த கிருமி

நுண்ணோக்கியின் முன்னால் இருந்த ஸ்டூல் அந்த அம்மாவுக்கு உயரமாக இருந்தது. எங்கள் மேடம்தான் அவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார். இருவரும் மாமியாரும் மருமகளும். ஒருவருக்கு மகனாகவும் மற்றவருக்குக் கணவராகவும் இருந்தவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒரகடத்தில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் நான் மேடத்தின் கீழ் வேலை பார்த்தேன். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஒரு பாக்டீரியாதான் எங்கள் ஆராய்ச்சி. மேடத்தின் கணவருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் லைனில் வேலை. ஒருநாள் தகட்டின் விளிம்பு முழங்கையில் லேசாகக் கீறியது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவரும் ஷிப்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார். பிறகு திடீரென்று குளிர்க்காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் வந்தது, நாங்கள் தினமும் வளர்க்கும் அதே கிருமியின் பெயர். காரியம் முடிந்ததும் மேடம் வேலைக்குத் திரும்பினார். அவர் அழுது நாங்கள் பார்க்கவில்லை.

வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த மாமியார், "எம்புள்ளைய கொன்னது இன்னான்னு நான் பாக்கணும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மேடம் அனுமதி வாங்கி அழைத்து வந்துவிட்டார்.

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். "திராட்சக் கொத்தாட்டம் கீது. உசுரோட கீதா?"

"இல்லத்த. செத்துப்போனதுதான். சாயம் போட்டு வெச்சிருக்கோம்."

"இத்தினியூண்டு, அவ்ளோ பெரிய ஆள எப்படி சாச்சுது?"

மேடம் கீழே உட்கார்ந்துகொண்டார். "தனியா இருந்தா அது பெருசா ஒண்ணும் பண்ணாது அத்த. உள்ள நீளமா கயிறு மாதிரி ஒரு புரதம் செய்யும். அதோட ரெண்டு முனையும் வெட்டுப்படும். நடுத்துண்டு வளையமா முடிச்சுப்போட்டு வெளிய வரும். அதுதான் அதுங்களுக்குள்ள சேதி. கூட்டம் பெருகப் பெருக வளையமும் பெருகும். நெறய பேர் இருக்கோம்னு தெரிஞ்சதும் எல்லாம் சேர்ந்து விஷத்தைக் கக்கும். அந்த வெட்டைத் தடுக்கத்தான் நாங்க மருந்து தேடறோம்."

அந்த அம்மா நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தார். "அப்போ உள்ள அதுங்க பேசிக்கினேதான் இருந்துச்சு. நானும் பக்கத்துல குந்திக்கினு சோறு போட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"யாருக்கும் கேக்காதுத்த. தினமும் அதோடவே கெடக்கறேன், எனக்கே கேக்கல" என்றார் மேடம். அப்படியே மாமியாரின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அந்த மருந்து இன்னும் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் கிருமியிடம் பலித்தது உடம்புக்குள் பலிக்கவில்லை. மேடம் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். என் கம்பெனி பஸ் அந்தக் கிராமத்து வழியாகத்தான் போகிறது. மாலையில் ஷிப்டு முடிந்து இறங்கும் பையன்களை அந்த அம்மா நிறுத்தி, சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்ப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். "ஒண்ணும் இல்ல ஆயா, வுடு" என்று அவர்கள் சிரித்தபடி கையை இழுப்பார்கள். பார்த்து முடிக்கும்வரை அவர் விடுவதில்லை.